பொயிலரின் பிளக்

தரைக்கு அடியில் இறங்குவதற்கு முன் யுகன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"எல்லாம் ஆஃப்தானே அக்கா?"

"ஓம். பூட்டிட்டன்."

படுக்கையறை அலுமாரியின் அடியில் ஒரு மரமூடி இருந்தது. அதைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, காலை முதலில் விட்டு இறங்கினான். தலை மறைந்தது. பிறகு அவன் மண்ணில் ஊர்ந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது.

நிரஞ்சினி உடுப்புத் தோய்க்கும் அறைக்குத் திரும்பினாள். அங்கே சுவரில், திறந்த நிலையில், ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் வயர்களை முடுக்கும் பதினெட்டு முனைகள். பால்வின் என்ற புறநகரில் இருந்த அந்தப் பழைய வீட்டைச் சூடாக்குவதற்கு ஐந்து ஸோன்களாக, தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், தரைக்கு அடியில் ஒரு வால்வு. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் தன் வால்வைத் திறக்கும். வால்வு முழுதாகத் திறந்த பிறகு, அதன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் பொயிலருக்குச் செய்தி அனுப்பும். பொயிலர் பற்றிக்கொண்டு, அறையைச் சூடாக்கச் சுடுதண்ணீரை அனுப்பும். எல்லா வயர்களும் இந்தப் பெட்டியில்தான் சந்தித்தன.

முந்தின நாள் பின்னேரம் யுகன் இதை ஒரு கார்ட்போர்ட் துண்டில் அவளுக்கு வரைந்து காட்டியிருந்தான். கடைசி இரண்டு முனைகளைப் பேனாவால் இரண்டு தரம் சுற்றினான்.

"இது மட்டும் வேற வீட்டுப் பிள்ளை மாதிரி அக்கா. பெட்டிக்கு மெயின் போர்டுலேருந்து கரண்ட் வருது. இந்த ரெண்டுக்கும் பொயிலர் தன்னோட கரண்டை அனுப்புது. பெட்டியை ஆஃப் பண்ணினாலும் இது ஆஃப் ஆகாது."

"விளங்குது."

"விளங்கினா சரி லா."

அவனுக்கு இருபத்தெட்டு வயது. ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, எலெக்ட்ரீஷியன் லைசன்ஸ் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவன். அவளுக்கு முப்பத்தாறு. அவனிடம் நான்காம் ஆண்டாகத் தொழில் பழகுபவள். மூன்று வருடங்களாக அவள் மின்சாரத்தைத் துண்டிப்பாள். அவன் பின்னால் வந்து ஒருமுறை பார்ப்பான். அன்று காலைதான் முதல் தடவையாகச் சொன்னான்: "இன்னைக்கு நீங்களே கட் பண்ணுங்க. நான் பின்னாடி வந்து பாக்கமாட்டேன். சாயங்காலம் அந்தப் பக்கத்துல சைன் போட்டுடறேன்."

அந்தப் பக்கம் அவளுடைய பதிவேட்டில் கடைசிப் பக்கம். தனியாக மின்சாரத்தைத் துண்டிக்கத் தெரிந்தவள் என்று எழுதியிருக்கும். அதில் கையெழுத்து விழுந்தால் ஆகஸ்ட்டில் லைசன்ஸ் பரீட்சை. விழாவிட்டால் நவம்பர். அவளுடைய பயிற்சி ஒப்பந்தம் செப்டெம்பரில் முடிகிறது. லைசன்ஸ் இல்லாத ஆளைக் கொம்பனி அதற்கு மேல் வைத்திருக்காது.

யுகன் இறங்குவதற்கு முன்பே அவள் மெயின் போர்டில் ஏழாம் பிரேக்கரைக் கீழே தள்ளி, தன் பூட்டைப் போட்டு, யாரும் போடக்கூடாது என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். மீட்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் இருந்த ஒரு சுவர்ச் சொக்கெட்டில் பார்த்து, பெட்டியில் பார்த்து, திரும்பவும் அந்தச் சொக்கெட்டில் பார்த்தாள். பெட்டியில் பூச்சியம்.

பிறகு பொயிலரைப் பார்க்கப் பின்கதவைத் திறந்தாள். குளிர்காலத்து ஜூலை மழை சரிந்து பெய்துகொண்டிருந்தது. பொயிலர் வெளிச்சுவரில் இருந்தது. அதன் பிளக் செருகப்படாமல், வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சிவப்பு அட்டைகள் தெருவில் நின்ற வான் வண்டிக்குள் இருந்தன. செருகாத பிளக்கில் துண்டிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கதவைச் சாத்தினாள்.

யுகன் இறங்கிய பிறகு, முதல் இரண்டு ஸோன்களின் தெர்மோஸ்டாட் வயர்களை முடுக்கி முடித்தாள். மூன்றாவதை உரித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு சின்ன 'பீப்'. அதன் பின் ஒரு காற்றாடி சுழலத் தொடங்குகிற இரைச்சல்.

அவளுக்கு முதலில் கை நின்றது. யாரோ பொயிலரின் பிளக்கைச் செருகிவிட்டார்கள் என்று பிறகுதான் விளங்கியது.

கீழே யுகன் வால்வுகளின் சுவிட்ச் வயர்களை உரித்து வைத்திருப்பான். அந்த இரண்டு முனைகளையும் பொயிலர் கேபிளோடு நேற்றே இணைத்தாகிவிட்டது; உரித்த வயர்களில் இப்போது பொயிலரின் கரண்ட்.

"யுகன், தொடாதை."

தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் போதவில்லை. அலுமாரி அறை இரண்டு அறைகள் தள்ளி இருந்தது. பின்கதவு நான்கு அடியில். கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மழைக்கோட்டோடு ஒருவர் பொயிலருக்கு முன்னால் குனிந்து நின்றார். அவரைத் தோளால் தள்ளிவிட்டுப் பிளக்கைப் பிடித்தாள்.

பிடுங்குவதற்குள் தரைக்கு அடியில் வெடித்தது.

ஒரேயொரு வெடி. காய்ந்த மட்டையை முறித்தது போல. காற்றாடி நின்றது. அவள் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, என்ன?" என்றார் மழைக்கோட்டுக்காரர். சிறிதரன். பிளம்பர். குழாய்கள் முழுக்க அவருடைய வேலை. யுகனின் முதலாளியிடம் பேசி அவளுக்கு இந்தப் பயிற்சியை எடுத்துக்கொடுத்ததும் அவர்தான்.

"யுகன் கீழ."

அவர் முகத்தில் மழை வழிந்தது. துடைக்கவில்லை.

அவள் உள்ளே ஓடினாள். அலுமாரிக்கு முன்னால் முழந்தாளில் விழுந்து மூடித் துவாரத்துக்குள் தலையை விட்டாள். இருட்டு. ஈர மண்ணும் எரிந்த பிளாஸ்டிக்கும் மணத்தன.

"யுகன்."

தலையை இன்னும் உள்ளே விட்டாள்.

"யுகன், கதையும்."

எங்கோ தூரத்தில் ஒரு வெளிச்சம் மரச்சட்டத்தில் பட்டு அசைந்தது. பிறகு இருமல்.

"இருக்கேன் லா," என்றான்.

அவன் ஊர்ந்து வர நிறைய நேரம் எடுத்தது. மேலே வந்ததும் கட்டில் இருந்திருக்க வேண்டிய வெறுந்தரையில் உட்கார்ந்து, தன் வலது கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. முழங்கை வரை மண்.

"கை படலை. வயரை விட்டுட்டு ஸ்க்ரூ தேடினேன். வயர் நழுவி செப்புக் குழாய்ல பட்டுச்சு." விரலை விரித்து ஒரு சாண் காட்டினான். "கையிலேருந்து இவ்வளவு தூரம்."

சிறிதரன் வாசலில் வந்து நின்றார். சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டதைப் பார்த்து ஒரு காலைப் பின்னால் எடுத்தார். பிறகு அப்படியே நின்றார்.

"நான்தான் தம்பி. குழாய்க்குள்ள காத்து நிக்குது, பம்பை ஒருக்கா ஓட விடுவம் எண்டு போட்டனான்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"கேக்கேல்லை."

"அண்ணே, காலைலகூட என்னை நக்கலடிச்சீங்க. ஈப்போக்காரனுக்குக் குளிரைப் பத்தி என்ன தெரியும்னு. பிளக்கைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நான் செத்திருந்தா எங்க அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்களா?"

சிறிதரன் சட்டையின் மேற்பையைத் தடவினார். அது வெறுமையாக இருந்தது.

"கண்ணாடியை வானுக்குள்ள விட்டிட்டன்," என்றார். "மழையும். அட்டை கிடந்திருக்கும், நான் பாக்கேல்லை." நிரஞ்சினியின் பக்கம் திரும்பினார். "கிடந்ததோ பிள்ளை?"

யுகன் அவளைப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டிருந்தான். "ஆஃபீஸுக்குச் சொல்லணும். இதை ரிப்போர்ட் பண்ணாம விடமுடியாது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உங்க பேர்தான் வரும் அண்ணே. நமக்கு இந்த வேலையைக் குடுத்த பில்டர் உங்களை இனிமே கூப்பிடமாட்டான். அதுக்கு நான் ஒண்ணும் பண்ணமுடியாது."

"போடும் தம்பி. பிழை பிழைதானே."

"அக்கா, நீங்க வெளில போய் அட்டையோட ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க."

நிரஞ்சினி எழுந்தாள். முழந்தாள்களில் தூசி அப்பியிருந்தது. வானுக்குப் பின்கதவு வழியாகவும் போகலாம். அட்டைகள் முன் சீட்டுக்குக் கீழே, பச்சைப் பெட்டிக்குள். எடுத்துப் பிளக்கில் கட்டுவது ஒரு நிமிட வேலை. சிறிதரன் தன் கண்ணை நம்பமாட்டார். யுகன் அவளை நம்புவான்.

பின்கதவு வரை நடந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். வெளியே பிளக் அவள் போட்ட இடத்தில் தண்ணீருக்குள் கிடந்தது.

திரும்பி வந்தாள்.

"அட்டை இல்லை," என்றாள்.

யுகன் நிமிர்ந்தான். "மழைல விழுந்துடுச்சா?"

"இல்லை. நான் போடேல்லை."

"மறந்துட்டீங்களா?"

மறதி என்று சொல்வதும் சுலபமாகத்தான் இருந்தது.

"மறக்கேல்லை. போய்ப் பாத்தனான். செருகாமல் தொங்கினது. மழைக்குள்ள வானுக்குப் போகப் பஞ்சிப்பட்டு, சோம்பலில விட்டிட்டன். நீர் கேக்கேக்க எல்லாம் பூட்டிட்டன் எண்டு சொன்னனான்."

கூரையில் மழை கேட்டது. சிறிதரன் வாயைத் திறந்தார்.

"விடு பிள்ளை. நானும் கேளாமல்தானே..."

"நீங்க இருங்க அண்ணே," என்றான் யுகன். கோபமாகச் சொல்லவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து வரைஞ்சு காட்டினேன்ல."

"ஓம்."

"ரெண்டு தரம் சுத்தினேன்."

"ஓம்."

அவன் கைபேசியை அவளிடம் நீட்டினான். ரிப்போர்ட் படிவம் திறந்திருந்தது. "நீங்களே எழுதுங்க. உள்ளதை எழுதுங்க. அண்ணன் கேக்காம போட்டதும் வரணும்."

அவள் சுவரில் சாய்ந்து நின்று, ஆங்கிலத்தில், ஆறு வரிகள் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரை முதலில் எழுதினாள். சிறிதரனின் பெயர் இரண்டாவதாக வந்தது. யுகன் வாங்கி வாசித்தான். ஒன்றையும் மாற்றாமல் அனுப்பினான்.

"ஆகஸ்ட் முடியாது அக்கா," என்றான்.

"தெரியும்."

"செப்டெம்பருக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"தெரியாது."

அவன் எழுந்து, தன் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் கொடுத்தான். பிளக்கை மூடிப் பூட்டுகிற சிவப்புக் கூடு ஒன்றும் கொடுத்தான். அவள் மழைக்குள் போய், பிளக்கைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துடைத்து, கூட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் பொக்கெற்றில் போட்டாள். வானுக்கு நடந்து போய் அட்டையும் எடுத்து வந்து கட்டினாள். உள்ளே வரும்போது தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிறிதரன் எங்கிருந்தோ தலை துடைக்க ஒரு துவாயைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை வாங்கி முதலில் மீட்டரைத் துடைத்தாள்.

பிறகு பெட்டிக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு முனையாக, பதினெட்டையும் பார்த்தாள். கடைசி இரண்டையும் பார்த்தாள்.

"பூச்சியம்," என்றாள்.

யுகன் கையை நீட்டினான். அவள் மீட்டரைக் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். அவன் முதல் முனையிலிருந்து தொடங்கினான். அவசரப்படவில்லை. அவன் பதினெட்டையும் முடிக்கும் வரை அவள் கைகளைக் கட்டாமல், சுவரில் சாயாமல் நின்றாள்.

"சரி," என்றான். "மூணாவது ஸோனை முடிங்க."

அலுமாரிப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் மண்ணில் அவன் ஊர்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது.