ஏரிக்கரை இல்லத்தில் இருவருக்கு இடம்

"அப்பா, தயவுசெஞ்சு இன்னிக்கு வீட்டைக் கூட்டாதீங்க. அம்மாவுக்குத் தலை வாரி விடாதீங்க. வர்றவங்க இருக்கிறதை இருக்கிறபடி பார்க்கட்டும்" என்று ஊமேயோ நகரத்திலிருந்து மகள் போனில் கெஞ்சினாள். டோர்வால்ட் "சரி, சரி" என்றார். போனை வைத்ததும் துடைப்பத்தைத் தேடி எடுத்தார்.

அவரை என்ன சொல்வது! விருந்தாளி வரும் நாளில் தரையில் ஒரு துரும்பு கிடந்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ஊரில் பிறந்த மனுஷன். வருவது நகராட்சி அதிகாரி, அதுவும் இந்த வீட்டில் எது எது முடியவில்லை என்று பார்க்க வருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நனைந்த படுக்கை விரிப்புகளை விறகுக் கொட்டகையில் கொண்டுபோய் ஒளித்தார். மறதி நோய் கண்ட மனைவி ஆல்ஃப்ஹில்டுக்கு நீலக் கவுனை மாட்டிவிட்டார். மாட்டும்போது அவள் வழக்கம்போல யாரோ அந்நியன் தொடுகிறான் என்று அலறி, அவர் முழங்கையில் கடித்தாள்.

போன இலையுதிர் காலத்திலும் இதே கதைதான். வந்த அதிகாரி பளபளக்கும் அடுப்பைப் பார்த்தார், ஆல்ஃப்ஹில்டின் சிரிப்பைப் பார்த்தார், "பிரமாதமா சமாளிக்கிறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காலையும் மாலையும் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து மாத்திரை கொடுத்துவிட்டு ஓடுகிறாள், அவ்வளவுதான். தை மாதக் குளிரில் ஆல்ஃப்ஹில்ட் இரவு உடையோடு பனியில் இறங்கிப் போனதையும், தேடிப் பிடித்துத் தூக்கி வந்ததில் தம் நெஞ்சு படபடத்து இன்னும் அடங்காததையும் டோர்வால்ட் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் சேர்ந்து இருக்கும் வீடு ஒன்று காலியாகியிருந்தது. ஆல்ஃப்ஹில்டுக்கு இடம் என்று முடிவானால் கணவனும் கூடப் போகலாம். இதை விட்டால் அடுத்தது எப்போதோ. அதுவரை தாம் தாங்க மாட்டோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது. தாம் முதலில் விழுந்துவிட்டால் அவள் கதி என்ன?

இல்வா என்ற அந்த அதிகாரி வாசலில் காலணியைக் கழற்றுவதற்குள் ஆல்ஃப்ஹில்ட் கையை நீட்டிக்கொண்டு எதிரே போய்விட்டாள். ஆயுசு முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். எதிரே ஆள் வந்தால் முகம் தானாக மலர்ந்துவிடும்.

"வாம்மா, வா. நீ யாரு வீட்டுப் பொண்ணு? இந்தக் குளிர்ல இவ்ளோ தூரம் வந்திருக்கியே! உட்காரு, காபி குடி."

ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். நேற்று இதே கை கொதிக்கிற கெட்டிலை டோர்வால்ட் மேல் வீசியது.

"இன்னிக்கு என்ன தேதி, ஆல்ஃப்ஹில்ட்?" இல்வா மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ, ரிட்டயர் ஆனவளுக்குத் தேதி எதுக்கு? அதெல்லாம் இவர்கிட்ட கேளு. இவருக்குத்தான் காலண்டர் பைத்தியம்."

இல்வா சிரித்துவிட்டாள். டோர்வால்ட் அவளைச் சமையலறை மூலைக்கு அழைத்து, "அவ எதிர்ல சொல்ல முடியாதும்மா..." என்று ஆரம்பித்தார்.

"அவங்க எதிர்லதான் பேசணும், டோர்வால்ட். போறதா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். அவங்க சம்மதம் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"என்ன அங்க குசுகுசுன்னு?" என்றாள் ஆல்ஃப்ஹில்ட்.

இல்வா மேசைக்குத் திரும்பி வந்து கேட்டாள். "ஏரிக்கரை இல்லத்துக்குப் போக உங்களுக்கு இஷ்டமா?"

"நாங்க எதுக்குப் போகணும்? இங்க என்ன குறைச்சல்? இவரு என்னை ராணி மாதிரி வச்சிருக்காரு."

இல்வா பையை மூடப் போனாள். எல்லாம் போச்சு என்று டோர்வால்டுக்குத் தோன்றியது. கம்பளிச் சட்டையைக் கழற்றி, உள்சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை மேசைமேல் வைத்தார். கன்றிப்போன தடங்கள், பல் பதிந்த காயங்கள், கெட்டில் சுட்ட கொப்புளம்.

ஆல்ஃப்ஹில்ட் பதறி எழுந்தாள். "கடவுளே! யாரு இப்படிப் பண்ணினது? சொல்லு, டோர்வால்ட். எந்தப் பாவி?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீதான்."

"நானா?"

"உனக்கு ஞாபகம் இருக்காது. உன்மேல தப்பில்ல. ஆனா நீதான்."

அவள் அந்தக் கொப்புளத்தைத் தொடாமல் அதன்மேல் விரலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கவுண்டரில் உட்கார்வதைப் போலவே உட்கார்ந்தாள்.

"நான் போறேன்" என்றாள் இல்வாவிடம். டோர்வால்டுக்கு மூச்சு வந்தது. "ஆனா நான் மட்டும். இவரு என்கூட வரக் கூடாது. இவரை நான் இருக்கிற ரூம்ல ஒரு ராத்திரிகூடப் படுக்க விடாதீங்க."

"ஆல்ஃப்ஹில்ட்!" என்று அவர் கத்தினார். "அது ரெண்டு பேருக்கான இடம்! அதுக்காகத்தான்... இல்வா, இன்னும் கொஞ்ச நேரத்துல இவ மறந்துடுவா. அடுத்த வாரம் வந்து கேளுங்க, வேற சொல்லுவா!"

இல்வாவின் கண் கலங்கியிருந்தது. "வேணும்னா நான் இன்னொரு தடவை வந்து..."

"வராதே" என்றாள் ஆல்ஃப்ஹில்ட். "அவரு சொல்றது சரி. நான் மறந்துடுவேன். மறந்தா அவரும் வரட்டும்னு சொல்லிடுவேன். இப்ப எனக்குத் தெரியுது. இப்பவே எழுதிக்கோ."

இல்வா எழுதினாள். டோர்வால்ட் சட்டை சுருட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வெளியாள் இருக்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார்.

கார் சாலை வளைவில் மறையும்வரை ஆல்ஃப்ஹில்ட் ஜன்னலில் நின்று கையசைத்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் நடந்ததன் சுவடே இல்லை.

"யாரு அந்தப் பொண்ணு? ரொம்ப நல்லவளா இருக்கா. எதுக்கு வந்தா?"

டோர்வால்ட் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டார்.

"சும்மா, காபி குடிக்க வந்தா" என்றார்.