எதிர்க்கதிரை

உரப்பைக்குள் அறுந்த வலையைத் திணித்துக்கொண்டு யாழ்ப்பாண பஸ் ஏறியபோதே தில்லைநாதனுக்கு எரிச்சல். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார். போனவாரம் இந்திய இழுவைப்படகு ஏறிச் சிதைத்த வலை அது. கொண்டுவரச் சொன்னவள் தங்கச்சி உதயகலா. பல்கலைக்கழகத்தில் சர்வதேச விவகாரமும் உலகப் பண்பாடுகளும் படிக்கிறாள். இன்றைக்கு அங்கே மாதிரி மாநாடு. ஆளுக்கொரு நாடாக இருந்து கடல் பிரச்சினை பேசுவார்களாம்.

அடுத்த மாதம் உண்மையான பேச்சே இருந்தது. அக்கரை இந்திய மீனவரோடு பேச ஊர் மீனவர் சங்கத்திலிருந்து ஆட்கள் போகிறார்கள். செயலாளர் தில்லைநாதன்தான். தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி உதயகலா கேட்டிருந்தாள். சங்கத்தில் சிரித்தார்கள்.

"படிக்கிற பெட்டை கடலைப் பற்றி என்னத்தைக் கதைப்பாள்? கொப்பியைப் பாத்து வாசிப்பாள்."

"பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றுவிட்டு வந்திருந்தான்.

மண்டப வாசலில் பையைப் பறித்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். அவன் கடைசி வரிசையில் இருந்து, இலங்கை என்ற பலகைக்குப் பின்னால் அவளைத் தேடினான். அங்கே வேறொரு பெட்டை. உதயகலா எதிரே, இந்தியா என்ற பலகைக்குப் பின்னால் இருந்தாள்.

அவனுக்குக் காது சுட்டது. பக்கத்திலிருந்த மாணவனைத் தட்டினான்.

"உவளுக்கு உந்தக் கதிரையை ஆர் குடுத்தது?"

"அவ கேட்டு வாங்கினவ, அண்ணை."

இலங்கையாக இருந்தவள் பிரசாந்தி. இணுவில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. எழுந்து, தில்லைநாதன் கொண்டுவந்த வலையைத் தூக்கிக் காட்டினாள். ஈயக்கட்டிப் பக்கம் மேலே, மிதப்புகள் தரையில். அது தலைகீழ் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தியா எழுந்தது. குறுக்கே நடந்துபோய், இலங்கையின் கையிலிருந்த வலையைத் திருப்பி, கிழிந்த இடம் எல்லோருக்கும் தெரிய விரித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிவந்து தன் கதிரையில் இருந்தது. மண்டபம் சிரித்தது. தில்லைநாதன் சிரிக்கவில்லை. தன்னை அடிக்க வருபவளுக்குப் பொல்லை நேராகப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாளே! இப்படி ஒரு நெஞ்சுரத்தை அவன் கடலிலும் கண்டதில்லை.

"இதற்கு இந்தியாவின் பதில் என்ன?" என்று கேட்டாள் பிரசாந்தி.

உதயகலாவின் கையில் கொப்பி இல்லை. "இந்த வலைக்கு நாங்களே பொறுப்பு. ஆனால் படகில் வருகிறவன் கூலிக்காரன். முதலாளி கரையில் படுத்திருக்கிறான். மடிவலை இழுத்து இழுத்து எங்கள் பக்கக் கடல் வெறுமையாகிவிட்டது. கூலிக்காரனைப் பிடித்து மறியலில் அடைத்தால் முதலாளி இன்னொருவனை அனுப்புவான். தொழிலை மாற்ற எங்களுக்குக் காலம் தாருங்கள்."

தில்லைநாதனால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டான்.

"எவ்வளவு காலம்? அதுவரைக்கும் நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

தலைமை தாங்கியவர் மேசையைத் தட்டினார். உதயகலா அண்ணனைப் பார்க்காமல் எதிரே பார்த்தாள். "அதை இலங்கைப் பிரதிநிதி கேட்டால்தான் நான் பதில் சொல்லலாம்."

"அதையேதான் நானும் கேட்கிறேன்" என்றாள் பிரசாந்தி உடனே. கைதட்டல் அடங்க நேரமெடுத்தது.

உதயகலா வலையின் கிழிசலைப் பார்த்தாள். பிறகு, "அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் பேச வந்தோம்" என்றாள்.

சங்கக் கூட்டங்களில் தில்லைநாதன் பல வருடமாகக் கத்தியிருக்கிறான். இப்படி ஒரு பேச்சு ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

மாநாடு முடிந்ததும் கன்ரீனில் பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "ஏனடி இந்தியாவை எடுத்தனி?"

"எங்கடை பக்கம் எனக்குத் தெரியும்தானே அண்ணை. பிறகு அதிலை படிக்க என்ன கிடக்கு? அவங்கள் ஆர், வீட்டிலை என்ன கதைப்பாங்கள், எதுக்குப் பயப்பிடுவாங்கள், அதெல்லாம்தான் தேடித் தேடிப் படிச்சனான்."

"என்ரை வலையையும் அவளிட்டைக் குடுத்திட்டாய்."

"அவள் கடலுக்கை கால் நனைச்சதே கசூரினா கடற்கரையிலை மட்டும்தான். பாவம். வெறுங்கையோடை நிக்கிறவளோடை வாதாடி வெண்டு என்ன பிரயோசனம்?"

தில்லைநாதன் போனை எடுத்துச் சங்கத் தலைவரை அழைத்தான்.

"ஓம், பாத்தனான். உதயகலாவின்ரை பேரைப் போடுங்கோ... கொப்பியோ? கொப்பியும் இல்லை, ஒண்டும் இல்லை. அவங்கள் என்ன சொல்லுவாங்களெண்டு அவங்களுக்கு முதல் இவளுக்குத் தெரியும். இவள் எதிர்ப்பக்கம் இருந்தா நாங்கள் துலைஞ்சம். பேசாமல் எங்கடை பக்கத்திலை இருத்துவம்."