காற்றில் போன பேச்சு

என் புருஷன் ஓட்வார் அந்தப் போனை வாங்கி மீன்பிடிப் படகில் பொருத்தியபோது எங்கள் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். கார் பேட்டரி கனம் இருக்கும். அதற்கு முன்பு கடலிலிருந்து பேச ரேடியோ ஒன்றுதான். பேசுவது அத்தனை படகுக்கும் கேட்கும். “எல்லாம் நலம், வியாழக்கிழமை வருகிறேன்” என்பதோடு முடித்துக்கொள்வான். போன் வந்த பிறகுதான் புருஷன் பெண்டாட்டி மாதிரிப் பேசினோம்.

நான் மீன் ஆலையில் காட் மீனின் எலும்பை எடுக்கிறவள். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் மணி அடிக்கும். மகன் ஓஸ்லோவுக்குப் போய்த் திரும்பி வராதது, ஒரு குளிர்காலத்தில் ‘உன்னை விட்டுப் போய்விடுகிறேன்’ என்று நான் அழுதது, எல்லாம் அந்தப் போனில்தான்.

பிறகு டிஜிட்டல் வந்தது. பழைய அனலாக் அலைவரிசையை வருஷக் கடைசியோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். புதுப் போன் சட்டைப்பையில் அடங்கும். ஆனால் கரைக்கு வெளியே இருக்கும் பாறைத் தீவுகளைத் தாண்டினால் சிக்னல் செத்துவிடும். ஓட்வார் முணுமுணுத்துக்கொண்டே சாட்டிலைட் போன் வாங்கினான்.

கடைசி நாள் பழைய போனில் கூப்பிட்டான்.

“இன்னிக்கோட இது போச்சாம், ரக்னா.”

“தெரியும். முட்டி வலி எப்படி இருக்கு?”

“ஏறி இறங்கறப்போ உயிர் போகுது. கரைக்கு வந்ததும் டாக்டர்கிட்ட காட்டறேன்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்ன.”

“நீயும் இதையேதான் சொன்ன.”

இருவருக்கும் களைப்பு. வைத்துவிட்டோம்.

சாட்டிலைட் போனில் குரல் தாமதித்து வரும். ஒரே சமயத்தில் இருவரும் பேசுவோம், பிறகு இருவரும் நிறுத்துவோம். நாளடைவில் நிறுத்துவதுதான் அதிகமாயிற்று.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் மேல் வீட்டு பெர்கித் வந்தாள். புருஷன் ஹால்வார் செத்துப்போன பிறகு யார் வீட்டுக்கும் போகாதவள். தட்டில் லெஃப்ஸெ ரொட்டி வைத்திருந்தாள். உட்கார்ந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஓட்வாருக்கு முட்டி எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னார்?”

முட்டி விஷயம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

“உனக்கு யார் சொன்னா?”

பெர்கித் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஹால்வார் வச்சிருந்த ரேடியோல உங்க பழைய போன் பேச்சு கேக்கும். எந்தப் படகு எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கத்தான் அவர் வாங்கினார். அவர் போனதும் ஒருநாள் சும்மா போட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்க.”

“எத்தனை வருஷமா?”

“அவர் போனதிலிருந்து.”

“எல்லாத்தையுமா கேட்ட?”

“சண்டை வந்தா நிறுத்திடுவேன்.”

“பொய் சொல்லாத.”

“கொஞ்சம் கேப்பேன்,” என்றாள். “நீ விட்டுட்டுப் போறேன்னு சொன்னப்போ அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கல. பழைய போன் நின்னதிலிருந்து ரேடியோல ஒண்ணும் கேக்கல. அவனுக்கு என்னாச்சோன்னு...”

 கத்த வேண்டும் போலிருந்தது. பகல் முழுக்கக் கத்தி பிடித்த கையோடு அதற்கும் தெம்பில்லை. “ரொட்டிய எடுத்துட்டுப் போ” என்று மட்டும் சொன்னேன். எடுத்துக்கொண்டு போனாள்.

கரைக்கு வந்த ஓட்வாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“அவளாவது நான் பேசினதக் காதுல வாங்கினாளே!”

“வெக்கமா இல்லையா உனக்கு?”

“இருக்கு. என்ன பண்ணச் சொல்ற? கேட்டதத் திருப்பிக் குடுன்னு கேக்கவா?”

இரண்டு வாரம் பெர்கித்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருநாள் கடையில் என் பின்னால் நின்றாள். காப்பிப் பொட்டலம் ஒன்று மட்டும் கையில். கோபத்தைச் சுமந்துகொண்டு மறுபடி மேடேறி வீட்டுக்குப் போக வேண்டுமே என்று நினைத்தபோதே அலுப்பாக இருந்தது.

“முட்டிக்கு ஆபரேஷனாம்,” என்றேன். “மார்ச்சுல. ட்ரோம்ஸோ ஆஸ்பத்திரியில.”

“பெரிசா?”

“பெரிசில்ல. ஆனா இந்த வருஷம் லொஃபோட்டன் மீன்பிடிக்குப் போக முடியாது.”

“அப்போ வீட்டுலயே உக்காந்து உன் உயிர எடுப்பான்.”

சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. நான் மன்னித்தேனா என்றும் தெரியாது. ஆனால் ஆலையிலிருந்து வருகிற வழியில் சில நாள் அவள் வீட்டில் உட்காருவேன். தண்ணீராய்க் காப்பி போடுவாள். பூடோவிலிருக்கும் தங்கையைப் பற்றி நிறுத்தாமல் பேசுவாள். பாதி காதில் விழும், பாதி விழாது. நாளெல்லாம் நின்ற கால் வலி குறைந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவேன்.