டெனிஸைப் பிரித்து எழுதியது

கல்லறைத் தோட்டத்தில் தன் அடக்கம் முடிந்த மறுவாரமே டெனிஸ் தாம்பரம் ஆபீஸுக்கு வேலைக்கு வந்துவிட்டார். வாசலில் இருந்த கைரேகைக் கருவி மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. உயிரோடிருப்பவர்களைத்தான் அது விரலைத் துடைத்துவிட்டு வரச் சொல்லும்.

திருமுடிவாக்கம் பட்டறைகளுக்கான சம்பள மென்பொருள் முழுவதையும் அவர் ஒரே கிளாஸாக எழுதியிருந்தார். நிரல் வரிகளைக் கட்டிவைக்கும் மூட்டைக்குத்தான் கிளாஸ் என்று பெயர்; வேலைக்கு ஒன்றாகப் பிரித்து எழுதுவது வழக்கம். லீவு, ஓவர்டைம், போனஸ், பிடித்தம் எல்லாம் ஒரே உடம்பு. யாராவது அதைத் திறந்தால் பின்னால் வந்து நின்று, "ஓடிட்டுத்தானே இருக்கு, ஏன் கை வைக்கிறீங்க?" என்பார். உயிரோடு இருந்தபோதும் இதையேதான் சொன்னார் என்பதால் யாரும் பயப்படவில்லை. கையும் வைக்கவில்லை. புதிதாக எது வேண்டுமென்றாலும் அந்தக் கிளாஸின் அடியில் ஒட்டவைத்தார்கள். ஒட்டவைத்தவர்களுக்கு டெனிஸின் இருமல் வந்தது. சில வருடங்களில் ஆபீஸே ஒரே குரலில் இருமியது.

மென்பொருள் கட்டமைப்பு நிபுணர் ஏகநாதனை வரவழைத்தார்கள். 'எதிர்காலத்துக்கான பாதை' என்று காலை முழுக்கப் படம் காட்டினார். மதியம் கிளாஸைத் திறந்தார். முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டதும் டீ குடிக்கப் போனார். இன்னும் குடித்துக்கொண்டிருப்பதாகத் தகவல்.

கிறிஸ்துமஸுக்கு முன் லீவு விதியில் ஒரு வரியை மாற்றினார்கள். லீவு எடுத்தவர்களுக்கெல்லாம் சம்பளம் பூஜ்யமானது. பட்டறையில் லேத் ஓட்டும் கார்த்தி போனில் கத்தினான்: "இன்னாக்கா, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தா மாசமே பூடுமா?"

போனை எடுத்த ஜோசலின் அங்கேயே புரோகிராமர், டெனிஸின் மனைவி. உயிரோடு இருந்தபோதும் டெனிஸ் வீடு தங்கியதில்லை, இப்போதும் ஆபீஸில்தான் பார்க்க முடியும். கிளாஸைப் பிரித்தால் அதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தாள். இன்று சரியாக வரும் விடைகள் நாளையும் வருமா என்று பார்க்கச் சோதனைகளை எழுதிவைத்துவிட்டு, முதலில் லீவைத் தனிக் கிளாஸாக எடுத்தாள். டெனிஸின் இடது கை காணாமல் போனது. ஓவர்டைமோடு கண்ணாடி போனது.

"வலிக்குதா?"

"இல்ல ஜோஸ், லேசா இருக்கு. அந்த போனஸையும் எடுத்துடேன்."

கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சிய கிளாஸையும் அழித்தாள். நாற்காலி காலி. கார்த்திக்குச் சம்பளம் சரியாக வந்தது. யாரும் இருமவில்லை; அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் முதல்முறையாகப் பயம் வந்தது.

ஜோசலின் மாடம்பாக்கம் வீட்டுக் கதவைத் திறந்தபோது டெனிஸ் ஹாலில் நின்றிருந்தார். எந்தக் கணக்குக்கும் தேவைப்படாமல் மிஞ்சிய டெனிஸ். இரண்டு கையும் இருந்தன, கண்ணாடி மட்டும் இல்லை. "ஜோஸ், குடிக்கிற தண்ணி எங்க வச்சிருக்க?" என்றார். காட்டினாள். மறுநாள் ஃபேன் சுவிட்ச் எது என்று கேட்டார். அதையும் காட்டினாள். பக்கத்து வீட்டு அமலராணி எட்டிப் பார்த்து, "இத்தனை வருஷத்துல இப்பதான்க்கா சார் முகத்தையே பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணி லாரி வந்துடுச்சா என்று விசாரித்தாள்.