காரணம்: சொந்த வேலை

மன்னர் பக்கத்து நாட்டு அரசனைச் சமாதானத்துக்கு அழைத்தார். நாற்பத்திரண்டு தெய்வங்களையும் சாட்சி வைத்துச் சத்தியம் செய்தார். விருந்து முடிந்து விருந்தாளி கை கழுவப் போன இடத்தில் அவனைக் கைது செய்தார். மறுநாள் காலை தெய்வங்கள் மூட்டை கட்டிவிட்டன.

ஆனால் அந்த நகரத்தை விட்டுப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. காரணம் எழுதி முத்திரை குத்திய சீட்டில் போகிறவர் கையெழுத்தும் விழுந்தால்தான் கோட்டைக் கதவு திறக்கும். கதவுக்கு அந்த வரத்தைக் கொடுத்ததே இந்தத் தெய்வங்கள்தாம். கொடுத்தபோது தங்களுக்கு ஒரு விலக்கு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஆகவே வரிசையில் நின்றன.

சீட்டு எழுத்தருக்கு வேலையில் கவனமே இல்லை. வீட்டில் மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பிரசவ தேவி வந்து கை வைத்தால்தான் உண்டு என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அமைச்சரோ காலையிலேயே உத்தரவு அனுப்பியிருந்தார்: எல்லாருக்கும் 'சொந்த வேலை' என்றே எழுத வேண்டும், வேறு எழுதினால் எழுதியவர் தலை தோளில் இருக்காது.

மழைத் தெய்வம் கையெழுத்துப் போட்டது. செல்வத்தின் தெய்வம் படிக்காமலே போட்டது. உண்மையின் தெய்வம் வெகுநேரம் யோசித்து, "தப்பிச்சாப் போதும்" என்று முனகிக்கொண்டே போட்டது.

கடைசியாக வந்தவள் பிரசவ தேவி.

கதவுக் காவலில் நின்ற மச்சினன் ஓடிவந்தான். "மாமா, இவங்கதான்! கால்ல விழுந்துடுங்க. அக்கா கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குது."

"அம்மா, ஒரே ஒரு பிரசவம்..." என்றார் எழுத்தர்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஊருக்குள்ள இருந்தா வந்து பார்க்காம இருக்க எனக்கு மனசு கேக்காது. சீக்கிரம் எழுது, நான் கிளம்பணும்."

எழுதி நீட்டினார். தேவி படித்தாள்.

"எனக்கு ஏதுய்யா சொந்த வேலை? காலம் பூரா அடுத்தவ வீட்டு வேலைதான். உங்க ராஜா என்னைப் பொய்ச் சாட்சி ஆக்கிட்டாரு. அதை எழுது, போடறேன்."

"எழுதினா என் தலை போயிடும்மா."

"எழுதலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கையெழுத்து இல்லைன்னா கதவு தொறக்காது" என்று மச்சினன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தர் பதினெட்டு வருஷமாகப் பயந்து பயந்தே உத்தியோகம் பார்த்தவர். அந்தப் பயத்தால் யாருக்கும் காலணா பிரயோஜனம் இருந்ததில்லை. அவர் பேனாவைத் துடைத்தார், மைக்கூட்டை மூடினார், இரண்டையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"பயமா இருக்கும்மா" என்றார், வாழ்க்கையில் முதல் முறையாகப் பெருமையோடு.

"அந்த ராஜாவுக்கு ஏத்த ஆளுதான் நீ" என்று தேவி மூட்டையை இறக்கி வைத்தாள். "வீடு எந்தப் பக்கம்?"

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம்.

சாயங்காலம் தேவி மறுபடி சீட்டு எழுதும் சன்னலுக்கு வந்தாள். "இப்பவாவது எழுதுவியா?"

"இன்னும் பயமாத்தான் இருக்கும்மா."

அவளுக்குப் பின்னால் நிறைமாதக் கர்ப்பிணிகளின் கணவன்மார் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எவருக்கும் ஊரை விட்டுப் போகும் உத்தேசமில்லை. எழுத்தருக்குத் தைரியம் வந்துவிடக் கூடாதே என்று கைகூப்பி வேண்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெய்வத்தை வேண்டுவது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.