எத்தனை பேருக்கு மகள்

குட்டி வெந்நீர் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி வந்தபோது, அம்மாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. கீழே போய் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. நர்ஸ் அவள் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"இப்பதான்மா. கஷ்டப்படல."

அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. வயதை நினைத்து அழ ஒன்றுமில்லை. குட்டிக்குப் பொறுக்காதது வேறு. இதே ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வார்டு ஆயாவாக இருந்தவள் அம்மா. கேட்பாரற்ற ஒருவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால், ஷிப்ட் முடிந்தாலும் கிளம்பமாட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "ஒத்தையில யாரும் போகக் கூடாது. கடவுளுக்கே அது பிடிக்காது" என்பாள். அவர்கள் நினைவு தப்பி மகளையோ தங்கையையோ கூப்பிட்டால், "ஆமா, நான்தான் வந்திருக்கேன்" என்று கூசாமல் சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

"இன்னிக்கு யாருக்கு மகள்?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

"இன்னிக்குப் பெரியம்மா. புரமோஷன் குடுத்துட்டாங்க" என்பாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அப்படிப்பட்டவளை ஒற்றையில் அனுப்பிவிட்டோமே. திரைக்குள் போய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்த குட்டி, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

"இங்க வாம்மா." பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லணும். திட்டாதே."

"சொல்லுங்கக்கா."

"நீ கீழ போனதும் குட்டி, குட்டின்னு கூப்பிட்டாங்க. பெல் அடிச்சேன், யாரையும் காணோம். மனசு கேக்கல, இறங்கிட்டேன். கையைப் பிடிச்சு 'வந்துட்டேன்மா'ன்னு சொல்லிட்டேன். சாகப்போற மனுஷிகிட்டப் பொய் சொல்லிட்டேனேன்னு அப்போலேர்ந்து உறுத்துது."

குட்டி அந்தக் கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நம்பினாங்களா?"

"எங்க? ஒரு கண்ணை மட்டும் திறந்து பாத்தாங்க. 'பொய் உனக்கு நல்லாத்தான் வருது. இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல, போய்ப் படு'ன்னாங்க. சரி, போகலாம்னு பாத்தா கையை விடல. கடைசி வரைக்கும் விடல."

குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வேலையை அம்மாவிடமே செய்து காட்டினால் பிடிபடாமல் போகுமா?

செல்போன் அடித்தது. தம்பி, வழியில் பஸ்ஸில் இருந்தான். குட்டி செய்தியைச் சொன்னாள். அவன் கேட்டான்:

"அக்கா, கூட யாரு இருந்தாங்க?"

"இருந்தாங்கடா."

"அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"டூட்டியிலதான் இருந்தாங்க. பேஷன்ட்டைப் போய்ப் படுக்கச் சொன்னாங்க. நேர்ல வா, சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, அந்த அம்மாளின் காலை இரண்டு கைகளாலும் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். வெள்ளைக் கட்டின் குதிகாலில், இறங்கியதற்குச் சாட்சியாகத் தரை அழுக்கு அப்பியிருந்தது. வராந்தாவில் டாக்டரின் குரல் கேட்டது. குட்டி கைக்குட்டையை நனைத்து, அந்த அழுக்கை அவசரமில்லாமல் துடைக்க ஆரம்பித்தாள்.