வெண்மாறனுக்கு ஒரு தீச்சட்டி

டமாரென்று ஏதோ விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள், "அய்யய்யோ, கொன்னுட்டானே பாவி!" என்று ஓர் அலறல்.

முன்னறையில் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கோகிலாம்பாள் மூட்டுவலியை மறந்து அடுப்படிக்கு ஓடினாள். குக்கர் மூடி தரையில் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் தீபலட்சுமி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் செல்போனுமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, யாரு யாரக் கொன்னா?"

"அது... பூனை, அத்தை. எலியக் கொன்னுருச்சு."

"அதுக்கா இந்தக் கத்து? நாலு நாளா அரிசி மூடைய ஓட்ட போட்டுக்கிட்டு இருந்துச்சு. பூனை நல்ல காரியந்தான பண்ணிருக்கு!"

"சின்ன எலி அத்தை. பாவமா இருந்துச்சு." தீபலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எலிக்கு அழுகிற மருமகளைக் கோகிலாம்பாள் அன்றுதான் பார்த்தாள். காம்பு கிள்ளத் திரும்பிப் போய்விட்டாள்.

செத்தது எலி இல்லை. பனிமலை நாட்டின் பட்டத்து இளவரசன் வெண்மாறன். நெஞ்சில் ஏழு அம்புகள் தைக்க, மலை உச்சியிலிருந்து உறைந்துபோன ஆற்றுக்குள் விழுந்தான். அதற்குக் கீழே ஈவு இரக்கமில்லாமல் 'முற்றும்' என்று போட்டிருந்தது.

இந்த வெண்மாறன் தீபலட்சுமியின் வாழ்க்கைக்குள் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மகள் கிருஷ்ணப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மழைநீரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதற்காகப் போனில் தேடப்போனவளின் விரல் எதிலோ பட்டுவிட்டது. 'இலவச மாயாஜாலக் கதைகள். பணம் வேண்டாம், பதிவு வேண்டாம், உள்ளே வாருங்கள்' என்று ஒரு பக்கம் திறந்தது. கூப்பிட்டார்களே என்று உள்ளே போனாள். கட்டுரையைக் கிருஷ்ணப்ரியாவே எழுதிக்கொண்டாள்.

தீபலட்சுமியின் கணவன் உதயகுமார் அருப்புக்கோட்டை பஜாரில் மோட்டார், பைப்புக் கடை வைத்திருப்பவன். 'ஒருத்தன் சும்மா குடுக்கான்னா, வேற எங்கயோ பிடிக்கப் போறான்' என்பது அவன் கொள்கை. தீபலட்சுமியும் ஒரு வாரம் உஷாராகத்தான் இருந்தாள். யாரும் எதையும் பிடிக்கவில்லை. நீலவேங்கை என்ற புனைபெயரில் எவரோ எழுதிய தொண்ணூற்றிரண்டு அத்தியாயத்தையும் சல்லிக்காசு கொடுக்காமல் படித்தாள். வெளியே கரிசல் மண் வெடித்துக் கிடந்தது, குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்தது. உள்ளே அவள் பனியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வெண்மாறன் குடிக்கும் மூலிகைச் சூப்பு ஆறிப்போகிறதே என்று கவலைப்பட்டதில் வீட்டில் ரசம் இரண்டு தடவை பொங்கி அடுப்பை அணைத்தது.

இப்போது அவனே போய்விட்டான்.

'முற்றும்' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'துணைக்கதைகள் விரைவில். இவையும் இலவசம்.' பெரிய கதையில் ஓரமாக வந்துபோனவர்களுக்கெல்லாம் தனித்தனியாக ஒரு சின்னக் கதை வருமாம். குதிரைக்காரன், சமையல்காரி, ஆற்றங்கரை வைத்தியச்சி என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள்.

வைத்தியச்சி என்ற வார்த்தையைப் பார்த்ததும் தீபலட்சுமிக்கு உயிர் வந்தது. நேரே காலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். அதில் மாரியம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அவுக மட்டும் உசிரோட வந்துட்டா பங்குனிப் பொங்கலுக்கு உனக்குத் தீச்சட்டி எடுக்கேன்."

சொல்லிவிட்டாள். கைகளைக் கீழே இறக்கியபோதுதான், யாருக்காக என்ன சொல்லியிருக்கிறோம் என்பது உறைத்தது. அன்று தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலை மணி பதினொன்று.

மாசி பிறந்ததும் துணைக்கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் கதை குதிரைக்காரன், இரண்டாவது சமையல்காரி. மூன்றாவது கதையில் வைத்தியச்சி தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போனாள். பனிக்கட்டியை உடைத்தாள். ஒரு கை தெரிந்தது. அந்தக் கையில் அரச மோதிரம் மின்னியது. கை லேசாக அசைந்தது.

தீபலட்சுமி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஆத்தா தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி இவள் பங்கு.

பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி மூன்று முறை தீச்சட்டி எடுத்தவள். தீபலட்சுமி அவளிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏக்கா, தெரியாத்தனமா நேந்துக்கிட்டா எடுத்தே ஆகணுமா?"

"கேட்டது நடந்துச்சா இல்லையா?"

"நடந்துருச்சு."

"அப்புறம் என்ன பேச்சு? ஆமா, யாருக்கு நேந்த? சொந்தமா?"

"சொந்தமில்ல. தெரிஞ்சவுக."

"ஆம்பளையா?"

"...ஆமாக்கா."

தங்கச்செல்வி கொடியில் போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு அருகில் வந்தாள். "எந்த ஊரு?"

"வடக்க. மலைப்பக்கம்."

"கொடைக்கானலா?"

"அதுக்கும் வடக்க."

"ஊட்டியாடி?"

"விடுக்கா, அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்" என்று தீபலட்சுமி ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், கணவனும் மாமியாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது துணிந்து வாயைத் திறந்தாள். "அத்தை, பங்குனிக்கு நான் தீச்சட்டி எடுக்கணும். நேந்திருந்தேன்."

"நல்லதும்மா. யாருக்கு?"

தீபலட்சுமி பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே உதயகுமாரின் கை ரசச் சோற்றில் நின்றது. "எப்ப நேந்த?"

"தை மாசங்க. ரெண்டாவது வெள்ளிக்கிழமை."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு இருக்கும்."

உதயகுமார் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அம்மா, ஒங்ககிட்டச் சொல்லல. அன்னிக்கு மதுரைக்குப் பைப்பு லோடு பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல? ஆசுபத்திரிக்குத்தான் போனேன். நெஞ்சு வலி. சரியா பதினோரு மணிக்கு ஒடம்பெல்லாம் வயர ஒட்டி என்னயப் படுக்கப் போட்டிருந்தாக."

"அய்யோ, எஞ்சாமி! டாக்டரு என்ன சொன்னாரு?"

"வாயுன்னாரு. அத விடுங்க. நான் வாயே தொறக்கல. இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

கோகிலாம்பாள் எச்சில் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏலே! அன்னிக்கு இவ அடுப்படியில அலறுனாடா! கொன்னுட்டானே, கொன்னுட்டானேன்னு! எலி, பூனைன்னு எங்கிட்ட மறைச்சுட்டாளே மகராசி!"

தீபலட்சுமிக்கு, அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறான் என்றுதான் அன்று நினைத்தாள். அதுவும் சரியாகப் பார்க்கவில்லை. தொண்ணூறாவது அத்தியாயத்தில் வில்லாளிகள் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள்.

இனி உண்மையை எப்படிச் சொல்வது? 'உங்களுக்கு இல்லங்க, வேற ஒரு ஆளுக்கு' என்றா?

இரண்டே நாளில் பஜார் முழுக்கச் செய்தி பரவியது. பரப்பியவன் உதயகுமார்தான். திருச்சுழியிலிருந்து மோட்டார் வாங்க வந்தவர்களுக்கு முதலில் மோட்டாரைக் காட்டினான், பிறகு நெஞ்சைத் தொட்டுக் கதையைச் சொன்னான். கேட்டவர்கள் உருகினார்கள். பந்தல்குடி வெள்ளத்துரை மட்டும் பெருமூச்சு விட்டார். "நீரு குடுத்து வச்சவரு. நான் கெணத்துக்குள்ள விழுந்தப்ப எம் பொண்டாட்டி, மோட்டாரு நனைஞ்சுருச்சான்னுதான் கேட்டா."

காப்புக் கட்டுகிற நாளில் தீபலட்சுமி இன்னொரு காரியம் செய்தாள். நோன்பு முடிகிறவரை கதை, கிதை எதுவும் கிடையாது என்று முடிவு செய்து, போனைக் கணவன் கையில் கொடுத்தாள். நாலாவது துணைக்கதை வரை படித்திருந்தாள். ஐந்தாவது இன்னும் வரவில்லை.

"பதினஞ்சு நாளைக்கு இது எனக்கு வேண்டாங்க. நீங்களே வச்சுக்கங்க."

அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து அவன் இன்னும் உருகினான். போனுக்குப் பூட்டுப் போடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. திறந்த பக்கத்தை மூடாமல் கொடுத்துவிட்டோம் என்பது சாயங்காலம் கோலப்பொடி எடுக்கும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. டப்பா கையிலிருந்து நழுவியது. பனிமலை நாட்டுப் பக்கத்தின் அடியில் வாசகர்கள் எழுதுகிற இடம் உண்டு. அங்கே அவளும் தன் பெயரிலேயே ஒரு வரி எழுதியிருந்தாள். 'வெண்மாறன் பிழைத்ததற்காக எங்கள் ஊர் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன். தீபலட்சுமி, அருப்புக்கோட்டை.'

எண்பத்தேழு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது நாள், கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் காசிராஜன் வீட்டுக்குச் சாவி வாங்க வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"தங்கச்சி, மொதலாளிக்கு வீட்ல ஏதும் மனவருத்தமா?"

"ஏண்ணே?"

"ரெண்டு நாளா யார்கிட்டயும் பேச மாட்டேங்காரு. கல்லாவுல ஒக்காந்துக்கிட்டு ஒங்க போனப் பாக்காரு, கண்ணத் தொடைக்காரு. மறுபடி பாக்காரு. நேத்து ஒருத்தருக்கு ரெண்டு இஞ்சி பைப்பு கேட்டதுக்கு நாலு இஞ்சியத் தூக்கிக் குடுத்துட்டாரு."

தீபலட்சுமி கடைச் சாவிக்குப் பதிலாகப் பீரோச் சாவியை எடுத்து நீட்டினாள். தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் மார்தட்டிவிட்டு, இப்போது கல்லாவில் உட்கார்ந்து அழுகிறான். வாயுவாகவே இருந்தாலும் நெஞ்சு நெஞ்சுதானே. இதைத் தாங்குமா?

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். மின்விசிறி அனல் காற்றை வீசிக்கொண்டிருந்தது.

"ஏன் தீபா."

"என்னங்க?"

"பனி பெஞ்சா ரொம்பக் குளிருமோ?"

அவள் ஏற்கெனவே சட்னி ஊற்றிய இட்லிமேல் மறுபடியும் சட்னியை ஊற்றினாள். "தெரியலங்க" என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மிச்ச நாள்களை ஒரு வேளைச் சாப்பாட்டிலும் முழுநேரப் பயத்திலும் ஓட்டினாள்.

பங்குனிப் பொங்கல் வந்தது. கோயில் தெரு முழுக்க மஞ்சள் சேலை. 'ஆகோ, அய்யாகோ' என்ற முழக்கம் காதை அடைத்தது. வேப்பிலை வாசமும் புகையும் வியர்வையும் ஒன்றாகக் கலந்து வந்தன. தீபலட்சுமி ஈரச்சேலையோடு வரிசையில் நின்றாள். ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் புருஷன். பின்னால் தங்கச்செல்வி, ஊட்டிக்காரர் யாராவது வந்திருக்கிறாரா என்று கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். பஜாரே திரண்டு வந்திருந்தது. வெள்ளத்துரை தன் பெண்டாட்டியையும் கூட்டி வந்து, "பாத்துக்க, நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டியில் நெருப்பு தயாராக இருந்தது. கையில் தருவதற்கு முன்னால் பூசாரி தேங்காயை எடுத்தார்.

"யாரு பேருக்கும்மா நேந்தது? பேரும் நட்சத்திரமும் சொல்லு."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினைந்து நாளாக எதற்கெல்லாமோ பயந்தவள் இந்த ஒரு கேள்விக்குப் பயப்பட மறந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் இத்தனை பேருக்கு நடுவில் புருஷன் தலை குனிவான். பொய் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பது ஆத்தா. நேர்ந்தது ஒருவனுக்கு, கொடுப்பது இன்னொருவன் பெயருக்கு என்றால் அந்தக் கோபம் யார் நெஞ்சில் போய் இறங்கும்? ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். அவன் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரமாகுதும்மா. பின்னால எத்தன பேரு நிக்காக!"

"சொல்லு தாயி" என்று கோகிலாம்பாள் பெருமையாக முழங்கையால் இடித்தாள். "ஊரே கேக்கட்டும்."

தீபலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். "உ... உதயகுமார். திருவோணம்."

பூசாரி கற்பூரத்தட்டைத் திருப்பினார். அப்போது உதயகுமார் ஓர் எட்டு முன்னால் போய், அவர் காதருகே குனிந்தான். மெதுவாகத்தான் பேசினான். ஆனால் நெருப்புக்கு இந்தப் பக்கம் நின்ற தீபலட்சுமிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"பூசாரி அய்யா, எம் பேரு வேண்டாம், எனக்கு வெறும் வாயுதான், வெண்மாறன்னு சொல்லுங்க, அவிட்ட நட்சத்திரம், முந்தாநாள் வந்த அஞ்சாவது கதையில போட்டிருக்கு, பாவம் மறுபடியும் காய்ச்சல்ல கெடக்காரு."